சின்னதுரை வீட்டுத் தட்டு

கள்ளிக்குப்பத்துப் பெண்கள் ஒன்பது பேர், இடுப்பில் குடத்தோடு ஏரிக்கரைமேல் வரிசையாக நிற்கிறார்கள். பின்னால் ஏரி காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. கலங்கல் கல்லின்மேல், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, வெயிலில் முகம் சிவந்துபோன ஒரு வெள்ளைக்காரர். அவருக்கு நாலடி தள்ளி, உருட்டிய காகிதத்தோடு நான். காகிதம் என் வியர்வையில் நனைந்து, மை விரலெல்லாம் ஒட்டியிருந்தது.

அந்த மையின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. தேதி கேட்காதீர்கள், நினைவில்லை. ஆவணி கடைசி என்பது மட்டும் நிச்சயம். கரையோரத்து வேப்பமரத்தில் பழம் உதிர்ந்து முடிந்திருந்தது.

போன வாரம் பூந்தமல்லிப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராகச் சேர்ந்த கதையோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "வெள்ளைக்காரனுக்குப் புகழ்மாலை எழுதிக் கொடுத்த கூட்டம்தானே நீங்களும்?" என்று கொஞ்சம் காரமாகவே எழுதியிருக்கிறார். ஆமாம் ஐயா, எழுதினேன். வாழ்நாளில் ஒரே ஒரு முறை. அதை நினைத்து இன்றைக்கும் காலரைத் தூக்கி விட்டுக்கொள்கிறேன். புடவை கட்டியவளுக்குக் காலர் ஏது என்று அடுத்த கடிதத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிவப்பு அட்டைப் புத்தகம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் ஆராதனை முடிந்து வெளியே வருகிறேன். வாசலில் மாட்டுவண்டி. வண்டிக்குப் பக்கத்தில் கள்ளிக்குப்பம் முனுசாமி நாயக்கர். ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் மகள் என்னிடம் நாலாம் வகுப்பு படித்தாள்.

"டீச்சரம்மா, பெரிய துரை ஒருத்தரு ஏரி பாக்க வர்றாராம். வரவேற்புப் பத்திரம் படிக்கணுமாம். இங்கிலீசுல ஒண்ணு, தமிழ்ல ஒண்ணு. நீங்கதான் எழுதிக் குடுக்கணும்."

"எனக்கு எதுக்கு நாயக்கரே இந்த வேலை?"

"கலங்கல் கல்லு உள்ளாற விரிசல் உட்டுக் கீதும்மா. மூணு தபா மனு குடுத்தாச்சு. ஒரு ஓவர்சியரு வந்தான். மேலயே நின்னு பாத்தான், 'கல்லு நல்லாத்தான் கீது'ன்னு எழுதிகினு பூட்டான். இந்த ஐப்பசி மழைக்கு அது நிக்காது. கல்லு போச்சுன்னா கரை போச்சு. கரை போச்சுன்னா ஊரே போச்சு."

கலங்கல் என்றால் தெரியாத இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஏரி நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் கரையை உடைக்காமல் வழிந்து போவதற்காகக் கட்டிய கல் சுவர் அது. அது உறுதியாக இருந்தால்தான் கரைக்குப் பின்னால் இருக்கிற வயலும் வீடும் மாடும் கன்றும் பிழைக்கும். நாயக்கர் கண்ணில் பயம் தெரிந்தது. அவரை அப்படி நான் பார்த்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

மறுநாளே தாலுகா ஆபீசிலிருந்து தலைமை குமாஸ்தா வந்துவிட்டார். கூடவே ஒரு தடித்த சிவப்பு அட்டைப் புத்தகம். இங்கிலாந்துப் பிரபுக்கள் எல்லோருடைய வம்சமும் அதில் அச்சாகியிருந்தது. வருகிற துரையின் பெயர் எட்மண்ட் ஹேவர்லி. அவர் குடும்பத்துக்கு மட்டும் ஏழு பக்கம்.

"அம்மா, இதிலேர்ந்து எடுத்து எழுதுங்கோ. துரைக்குக் குடும்பப் பெருமைன்னா உசிரு. அதைக் கேட்டுக் குளிர்ந்துட்டார்னா கலங்கல் தானா வந்துடும்" என்றார்.

எழுதினேன். முதல் ஹேவர்லி பிரபு, ராஜாவுக்காகச் சண்டை போட்டு ஒரு கையை இழந்து, அதற்குப் பதிலாகப் பட்டமும் ஒரு மலையும் வாங்கியவர். அவர் மகன் கப்பற்படைத் தளபதி. பேரன் பெரிய நீதிபதி. அவர் தலையில் வைத்திருந்த பொய்முடியைப் பற்றியே நாலு வரி இருந்தது. அதற்கப்புறம் ஒருவர் இரண்டு ராஜாக்களிடம் மந்திரி. அப்புறம் ஒரு ஜெனரல். அந்த ஜெனரலுக்கு நாலு பிள்ளைகள். மூத்தவர் பட்டத்துக்கு வந்து பார்லிமெண்டில் முப்பது வருஷம் பேசினார். இரண்டாமவர் எங்கோ ஒரு தீவுக்குக் கவர்னர். நாலாமவர் பிஷப். ஆளுக்கு அரைப் பக்கம், படத்தோடு.

மூன்றாமவருக்கு ஒரே ஒரு வரி. 'மூன்றாம் மகன் ஆர்தர், மதராஸ் சென்றார்.' அதற்குமேல் பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை.

எழுதியதை நாயக்கருக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், "எல்லாம் ஆம்பள பேரா வருதே, அந்த வம்சத்துல பொம்பளைங்களே பொறக்கலியா? பொண்ணு எடுத்த ஊடு எது, குடுத்த ஊடு எது, ஒண்ணும் சொல்லலியே" என்றார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். பெண்கள் இருந்தார்கள், சின்ன எழுத்தில். அவர் கேட்டது நியாயம்தான்.

என் அண்ணன் தேவராஜுக்கு மட்டும் ஆத்திரம். அவன் கதர் கட்டி, மறியலுக்குப் போய், முதுகில் தடியடி வாங்கிய தழும்போடு இருந்தான். "நாங்க தெருவுல அடி வாங்கறோம், நீ அவன் பாட்டன் பூட்டனுக்குப் பாட்டுக் கட்டறியா?" என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ஏழு பக்கப் பெருமையில் எங்கள் ஊர்க்காரருக்குச் சொந்தமானது எதுவுமே இல்லை என்று நினைத்திருந்தேன்.

தண்ணீர் வழிந்தால் தட்டு

அந்த நினைப்பை மாற்றியது கள்ளிக்குப்பத்தில் வருஷம் தவறாமல் நடக்கும் ஒரு வழக்கம்.

ஏரி நிரம்பிக் கலங்கலில் தண்ணீர் வழிகிற அன்றைக்கு ஊரே கரையில் கூடும். பொங்கல் வைத்து முடிந்ததும், ஏரிக்கு உழைத்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தட்டு. வெற்றிலை பாக்கு, தேங்காய், ஒரு படி புது நெல். நாயக்கர் ஒவ்வொரு வீட்டுப் பெயராகச் சத்தமாகக் கூப்பிடுவார். வாங்க வருகிறவர், அந்த வீட்டிலிருந்து அந்தக் காலத்தில் ஏரிக்கு உழைத்தவருக்குத் தான் என்ன உறவு என்று ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். 'கரைக்கு மண்ணு சொமந்த கோவிந்தனுக்குப் பேரன், வந்துகீறேன்' என்று சொன்னால்தான் தட்டு கைக்கு வரும்.

கடைசியாக ஒரு தட்டு. "சின்னதுரை ஊட்டுத் தட்டு!" என்று கூப்பிடுவார் நாயக்கர்.

யாரும் வரமாட்டார்கள். சற்றுப் பொறுத்து, கரைக்குக் கீழே தள்ளி நின்று ஏரிக்காவல்காரர் காத்தவராயன் பதில் சொல்வார். மற்ற நாளில் அவர் சொல்லை ஊர் சபையில் யாரும் கேட்பதில்லை. அன்றைக்கு அந்த ஒரு பதில் மட்டும் அவர் குடும்பத்து உரிமை. "இன்னும் வரலை. வருவாங்க, வெச்சிரு."

தட்டு கலங்கல் கல்மேல் சாயங்காலம் வரை இருக்கும். பிறகு வெற்றிலையைத் தண்ணீரில் விட்டுவிட்டு நெல்லைப் பறவைக்கு இறைத்துவிடுவார்கள். அறுபது வருஷத்துக்கு மேலாக இதுதான் வழக்கம்.

புத்தகத்தில் ஆர்தர், மதராஸ் என்று பார்த்ததும் எனக்குள் ஏதோ உறைத்தது. நேராகக் காத்தவராயனிடம் போனேன். "சின்னதுரை யாரு?"

"எங்க நைனா அவரு கூட கல்லு தூக்குனவரும்மா. பெரிய பஞ்சம் வந்துச்சே, அப்போ. ஏரி வேலை குடுத்து ஊருக்குக் கஞ்சி ஊத்துனாரு சின்னதுரை. பாதி வேலையில மேல இருந்து உத்தரவு. வேலைய நிறுத்து, ஆளுங்கள அறுபது மைலு தள்ளி ரோட்டு வேலைக்கு நடத்திகினு போன்னு. எலும்பும் தோலுமா கீற ஜனம் எங்க நடக்கும்? பாதி வழியிலயே உழுந்துடும். அவரு மாட்டேன்னுட்டாரு. சர்க்கார் தானியக் கிடங்கைத் தொறந்து உட்டாரு. கலங்கலை முடிச்சாரு. வேலை போச்சு. கலங்கல்ல மொதல் தண்ணி வழியறதுக்கு முன்னாடியே ஜுரத்துல போய்ட்டாரு. ஆர்தர்னுதான் எங்க நைனா அவரு பேரைச் சொல்லும்."

ஏழு பக்கத்தில் ஒரு வரிகூடச் சரியாகக் கிடைக்காத மனிதனை, எழுதப் படிக்கத் தெரியாத ஓர் ஊர் அறுபது வருஷமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குப் பெருமை அங்கேதான் தொடங்கியது.

குமாஸ்தா அடித்த பத்தி

வீட்டுக்கு வந்து, ஆர்தரைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தேன். மறுநாள் வரைவைச் சரிபார்க்க வந்த தலைமை குமாஸ்தா அதைப் படித்ததும் முகம் வெளுத்துப் போனார். பேனாவை எடுத்துப் பத்தியை முழுக்க அடித்தார்.

"அம்மா, இந்த விஷயம் ஆபீஸ்ல பழைய காகிதக் கட்டுல இருக்கு, எனக்கும் தெரியும். உத்தரவை மீறினதுக்காக அப்பாவே எழுதிட்டாராம், இனி என் வீட்டு வாசல்ல கால் வைக்காதேன்னு. அந்தக் குடும்பத்துல அவர் பேரை எடுக்கவே மாட்டா. நீங்க துரை முன்னாடி இதைப் படிச்சேள்னா, கலங்கலை மறந்துடுங்கோ."

நாயக்கரிடம் போய்ச் சொன்னேன். அவருக்குப் புரியவே இல்லை. "இன்னாம்மா சொல்றீங்க? நாலு புள்ளைங்கள்ல ஊருக்கு உருப்படியா ஒண்ணு செஞ்சவரு இவருதான். இவரச் சொல்லித்தானே அந்த ஊடு பெருமைப்படும்?"

"அவங்க பெருமைப்படலை நாயக்கரே. வெக்கப்படறாங்க."

அவர் ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அவங்க ஊட்ல சொல்லலைன்னா நாம சொல்லுவோம். அவரு கட்டுன கல்லுமேல நின்னுகினு அவரு பேர உட்டுட்டு மீதிப் பேரெல்லாம் படிக்கச் சொல்றீங்களா? அந்தப் பாவம் ஊருக்கு ஆவாது" என்றார்.

"கலங்கல்?"

"மழை வந்தா பாத்துக்கலாம்" என்றார். ஆனால் குரல் கம்மியது.

நான் ஒரு கோழைத்தனமான வழி கண்டுபிடித்தேன். இங்கிலீஷ் பத்திரத்தில் ஆர்தர் இல்லை. தமிழ்ப் பத்திரத்தில் ஆர்தர் உண்டு. தமிழ்ப் பத்திரத்தைக் குமாஸ்தா பார்க்கவே இல்லை. துரைமார் தமிழ்ப் பரீட்சை பாஸ் செய்த மறுநாளே எல்லாவற்றையும் மறந்துவிடுவார்கள் என்பது அவர் சித்தாந்தம். ஊருக்கும் நியாயம், கலங்கலுக்கும் ஆபத்தில்லை என்று கணக்குப் போட்டேன்.

இன்னொரு சிக்கலும் கிளம்பியது. துரை சின்னதுரைக்குப் பங்காளி ஆயிற்றே, அவருக்குத் தட்டைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றார் நாயக்கர். தண்ணீர் வழியாத கலங்கலில் தட்டுக் கூப்பிடக் கூடாது என்று ஊரில் நாலு பேர் குறுக்கே நின்றார்கள். ஒரு நாள் முழுக்க வாக்குவாதம். கடைசியில் நாயக்கரே முடிவு சொன்னார். பெண்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து கலங்கல்மேல் ஊற்றுவார்கள். தண்ணீர் வழிந்தால் சரிதானே.

அந்த ஒன்பது குடம் வந்த கதை இதுதான்.

"இன்னொரு முறை வாசியுங்கள்"

துரை வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி, நெட்டை, மீசை நரைத்தவர். மாலை, எலுமிச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. இங்கிலீஷ் பத்திரத்தைப் படித்தேன். ஒரு கை இழந்தவர், தளபதி, நீதிபதி, மந்திரி, ஜெனரல், பார்லிமெண்ட், கவர்னர், பிஷப் என்று ஒவ்வொன்றுக்கும் துரை மெல்லத் தலையாட்டினார். குமாஸ்தா முகத்தில் திருப்தி.

பிறகு தமிழ். நான் மூச்சை இழுத்துக்கொண்டு வேகமாகவே படித்தேன். "ஜெனரலின் மூன்றாம் புதல்வர் ஆர்தர் துரை, பஞ்சத்தில் இந்த ஊர் ஜனங்களைப் பட்டினிச் சாவிலிருந்து காத்து, அதற்காகத் தன் உத்தியோகத்தை இழந்து, இந்தக் கலங்கலைக் கட்டி முடித்து, இந்த மண்ணிலேயே உயிர் விட்டவர். தங்கள் வம்சத்தில் எங்களுக்கு முதல்வர் அவரே."

துரை கையை உயர்த்தினார். நான் நிறுத்தினேன்.

"அந்த இடத்தை இன்னொரு முறை வாசியுங்கள்" என்றார். சுத்தமான பரீட்சைத் தமிழ். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழுந்தது.

குமாஸ்தா கண்ணை மூடிக்கொண்டார். நாயக்கரைப் பார்த்தேன். அவர் நேராக நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கும் முதுகு நிமிர்ந்தது. இந்த முறை வேகமாகப் படிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்வதுபோல நிறுத்தி, நிதானமாக, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி படித்தேன். என் ஆயுளில் அவ்வளவு தெளிவாக நான் எதையும் படித்ததில்லை.

நாயக்கர் கையைக் காட்டினார். பெண்கள் ஒவ்வொருவராக வந்து கலங்கல் கல்லின்மேல் குடத்தைக் கவிழ்த்தார்கள்.

தண்ணீர் வழியவில்லை.

முதல் குடம் கல்லின்மேல் பரவி, நடுவில் ஒரு கல் இடுக்குக்குள் போய், மறைந்துவிட்டது. இரண்டாவதும் அங்கேயே போயிற்று. ஒன்பது குடமும் அப்படியே. மேலே கல் ஈரமாக மட்டும் இருந்தது. சற்றுப் பொறுத்து, கீழே வெளிப்பக்கத்தில், சுவரின் அடியிலிருந்து மண்ணைக் கரைத்துக்கொண்டு செந்தண்ணீர் கசிந்து வந்தது.

துரை தொப்பியைக் கீழே வைத்தார். கலங்கலின் சரிவில் பிடித்துப் பிடித்து இறங்கி, மண்டியிட்டு, அந்தக் கசிவில் கையை வைத்துப் பார்த்தார். உள்ளங்கையெல்லாம் சேறு. மனுவில் மூன்று முறை எழுதியும் யாருக்கும் தெரியாதது, அந்த ஒரு கை நிறையச் சேற்றில் தெரிந்துவிட்டது. அவர் திரும்ப மேலே ஏறி வந்தபோது நாயக்கர் தட்டைக் கையில் எடுத்திருந்தார்.

"சின்னதுரை ஊட்டுத் தட்டு!"

பழக்கத்தில் காத்தவராயன் பதில் சொல்ல வாயெடுத்தார். துரை அவரைப் பார்த்துக் கையால் பொறுக்கச் சொன்னார். பிறகு, "நான் அவருடைய தமையனின் பேரன். வந்திருக்கிறேன்" என்றார்.

சேற்றுக் கையாலேயே தட்டை வாங்கினார். யாரும் கை தட்டவில்லை. குடம் கொண்டுவந்த பெண்களில் ஒருத்தி குலவையிட்டாள். மற்ற எட்டுப் பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

புறப்படும்போது என்னை அழைத்து இங்கிலீஷில் கேட்டார். "புத்தகத்தில் ஒரு வரிதானே இருக்கிறது. மீதியை எங்கிருந்து எடுத்தீர்கள்?"

"புத்தகம் உங்கள் வீட்டில் எழுதினது, ஐயா. கலங்கல் எங்கள் ஊரில் கட்டினது" என்றேன். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அவர் கோபப்படவில்லை. "எங்கள் வீட்டு மாடிப்படிச் சுவர் முழுக்கப் படங்கள். ஒரு இடத்தில் மட்டும் வெறும் ஆணி. அங்கே யார் என்று சின்ன வயதில் கேட்டேன். என்னைச் சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுப்பிவிட்டார்கள்" என்றார். வண்டியில் ஏறும்போது தேங்காயைக் குமாஸ்தா வாங்கப் போனார். துரை கொடுக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு போனார்.

மழைக்குப் பிறகு

பத்து நாளில் கொத்தனார்கள் வந்தார்கள். கலங்கலைப் பாதி வரை பிரித்து, சுண்ணாம்பும் கடுக்காயும் கலந்து அரைத்துக் கட்டினார்கள். மழைக்கு முன்னால் வேலை முடிந்தது. துரை அதற்கப்புறம் எங்கள் பக்கம் வந்ததில்லை. அந்த வருஷமே சீமைக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

நாயக்கரிடம் ஒரு முறை கேட்டேன். "தண்ணி உள்ளே போயிடும்னு உங்களுக்குத் தெரியும்தானே? தெரிஞ்சேதான் குடத்தை ஊத்தச் சொன்னீங்களா?"

"வழக்கத்துக்குத் தண்ணி ஊத்துனோம், அவ்ளோதாம்மா" என்றார். மீசைக்குள் சிரிப்பு இருந்தது.

என் அண்ணன் தேவராஜ் விஷயத்தைக் கேட்டு, "துரையை நீ புகழலை. ஊரைப் புகழ்ந்திருக்கே" என்றான். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது பெரிய விஷயம்.

ஐப்பசியில் பெய்த மழை கார்த்திகையிலும் விடவில்லை. அந்தக் கார்த்திகையில் ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, நனைந்துகொண்டே கள்ளிக்குப்பம் போனேன். ஏரி தளும்பி நின்றது. புதுக் கலங்கலில் தண்ணீர் ஒரே சீராக, கண்ணாடி விரித்ததுபோல வழிந்துகொண்டிருந்தது. அடியில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. கரை நின்றது. ஊர் நின்றது. எனக்கு அழுகை வந்தது, மழையில் யாருக்கும் தெரியவில்லை.

தட்டுகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசித் தட்டை எடுத்த நாயக்கர் ஒரு கணம் தயங்கினார். பிறகு எப்போதும்போலவே கூப்பிட்டார்.

"சின்னதுரை ஊட்டுத் தட்டு!"

எல்லோரும் காத்தவராயனைப் பார்த்தோம். அறுபது வருஷமாக அவர் அப்பாவும் அவரும் சொல்லி வந்த பதில் இனிமேல் செல்லாது. அவர் தலையில் போட்டிருந்த கோணியை விலக்கிவிட்டு, வழிகிற தண்ணீரையே பார்த்தார்.

"வந்துட்டுப் போனாங்க" என்றார். "இருந்தாலும் வெச்சிரு."